வெளியார் குரல்

"பொண்ணு ஒருத்தி வர்றான்னா, அவகூட இத்தனை மென்பொருளையும் என் வீட்டுல குடிவைக்கணுமா?" என்று நிச்சயத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா தீபிகா போட்ட சத்தம் அந்தப் பெரம்பூர் அடுக்குமாடியின் எல்லா மாடிக்கும் கேட்டது.

பிறவியிலேயே செவி கேளாத கல்யாணப் பெண் இளநகைக்கும் கேட்டது. அவள் காதுக் கருவிக்கான செயலி வீட்டுக் கணினியில் ஓடுவது. தட்டு மாற்றும் முன் பெண்ணின் செயலிகளை மாப்பிள்ளை வீட்டில் ஏற்றிப் பார்ப்பது இப்போது வழக்கம், ஜாதகம்கூட அப்புறம்தான். இந்த வீட்டு சிஸ்டம் வேறு. துணை மென்பொருள்கள் எல்லாம் ஏறின, ஒன்றைத் தவிர. இந்த வீட்டார் அல்லாத வெளியார் குரலை அவள் காதுக்குள் விடுவது அதுதான். அதற்குத் தீபிகா அனுமதி தரவில்லை. பக்கத்தில் அவள் அம்மாவின் உதடு அசைந்தது. இளநகைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க குரல் கேட்டா போதாதாம்மா? உங்கம்மா தினம் போன்ல பேசி என்ன ஆகப்போகுது?"

மாப்பிள்ளை நிதின் தரை டைல்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"எங்கம்மா குரல் கேக்காத வீட்டுல உங்க குரலும் எனக்கு வேண்டாம் அத்தை," என்ற இளநகை, கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, சாவகாசமாக ஒரு மைசூர்பாகை எடுத்துக் கடித்தாள். அப்புறம் தீபிகா கத்தியதெல்லாம் மாடிக்காரர்களுக்குத்தான்.

நிச்சயம் நின்றது. நிதினுக்கு ரோஷம் வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. வந்ததும் பெட்டியோடு கிளம்பி, இளநகையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வியாசர்பாடியில் பெண் வீட்டோடு தங்கிவிட்டான். அவன் செயலிகளில் பாதி அங்கே ஏறவில்லை. விளக்குப் போட எழுந்துதான் போகிறான். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதுதானே" என்கிறான்.