வேதசிரோமணி வீட்டு இன்ஜின்

முடிச்சூரில் கரண்ட் கனெக்‌ஷனே வாங்காமல் சோலாரில் வீட்டை ஓட்டுகிற ஒரே ஆள் வேதசிரோமணி சார்தான். மழை நாளில் பேட்டரி இறங்கினால், பெட்ரோல் இன்ஜினில் பழைய கார் ஆல்டர்னேட்டரைச் சுழலவிட்டு சார்ஜ் ஏற்றுவார். அது சரி. இந்த வாரம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் சாயங்காலமானால் இன்ஜின் தடதடக்கிறது. எதிர்வீட்டு அஞ்சம்மாளால் சும்மா இருக்க முடியுமா? கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னா சார், இவ்ளோ வெயில்ல இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"பேனல்ல தூசிம்மா. பேட்டரி ஏறல."

"தொடைக்க வேண்டியதுதானே? ஆமா, ஜெரூஷா வந்து ஒரு வாரமாச்சே, மாப்பிள்ளையக் காணோம்?"

"அவருக்கு லீவு கிடைக்கலம்மா."

"ஓகோ" என்று இழுத்துவிட்டுப் போனாள்.

சாரின் மனைவி ஹில்டா வெளியே வந்தார். "அவங்க கேட்டதுல என்ன தப்பு? பெட்ரோல் விக்கிற விலையில..." என்றவர் சுவரைப் பார்த்தார். இன்ஜினையும் ஆல்டர்னேட்டரையும் இணைக்கிற பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெல்ட்டே மாட்டாம எப்படிங்க சார்ஜ் ஏறும்?"

"பேட்டரி மத்தியானமே ஃபுல்."

வேதசிரோமணி மகளின் அறை ஜன்னலைக் கண்ணால் காட்டினார். உள்ளே ஜெரூஷா, தினமும் போலவே, போனில் புருஷனிடம் அழுது கத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் நாளைக்கே சமாதானமாயிடுவாங்க. அஞ்சம்மா காதுல விழுந்தா, தாம்பரம் வரைக்கும் போயிடும்."

உள்ளே மகளின் குரல் இன்னும் ஏறியது.

ஹில்டா குனிந்து, இன்ஜினை நன்றாக ரேஸ் செய்தார்.