நாலாவது கிளாஸ்

'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைக்கலாம். ஆனால் அயர்லாந்தில் பாம்பு கிடையாது.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மிசஸ் கீலியின் பப்பில் நல்ல கூட்டம். அத்தனை பேச்சும் சட்டென்று நின்றது.

கணப்படுப்பின் முன்னால் என் மகள் க்ரான்யா நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. கையில் காலி கிளாஸ். அவள் அப்பாவுக்கு அப்போதுதான் வந்த கறுப்பு பீர் முழுவதும் நெருப்பில் பொங்கி அடங்கிக்கொண்டிருந்தது.

"நெருப்புக்கும் சனிக்கிழமைதானே? அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்றார் கவுண்டரில் சாய்ந்திருந்த பாட்ஸி கிழவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என் கணவர் டோனல் சிரிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூன்று கிளாஸ் வரைக்கும் டோனல் பாடுவார், எல்லோர் முதுகிலும் தட்டுவார். நாலாவது உள்ளே போய்விட்டால் வீட்டில் வேறு ஆள். போன மாதம் டாக்டரிடம், மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லி மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டேன். இதுவரை அவர் கை என்மேல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. இன்றைக்குக் குழந்தைமேலும் விழப்போகிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை வளர்த்த விதமே வேறு. பெரியவர்கள் நடுவில் மடியில் கை, வாயில் பூட்டு. அதையேதான் க்ரான்யாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் தங்கம் என்கிறார்கள். தேவாலயத்தில் அசையமாட்டாள். இந்தப் பப்புக்குள் வந்தால் மட்டும் பிசாசு பிடித்த மாதிரி.

போன வாரம் டோனலின் கிளாஸில் உப்பைக் கொட்டினாள். அதற்கு முந்தின வாரம் மேஜைக்கு அடியில் புகுந்து கிளாஸை மேஜையோடு சேர்த்துக் கவிழ்த்தாள். இரண்டு தடவையும் மிசஸ் கீலி கூட்டத்தின் நடுவில் வைத்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பெற்றால் மட்டும் போதாதாம், வளர்க்கத் தெரியவேண்டுமாம்.

இப்போதும் கவுண்டரை விட்டு வெளியே வந்தார். அறுபது வயது, ஆனாலும் பீப்பாய் உருட்டுகிற கை. நேராக க்ரான்யாவிடம் போய், எதற்காகக் கொட்டினாய் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். குனிந்து கேட்டார்.

க்ரான்யா அவர் காதருகில் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"இது நாலாவது."

அவ்வளவுதான். குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அத்தனை ராத்திரிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருந்தேன்.

மிசஸ் கீலி நிமிர்ந்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக்கையை இழுத்துவிட்டுக் கட்டை மறைத்துக்கொண்டேன்.

"போதும்" என்றார், பப் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நாப்பது வருஷமா இந்தக் கடையை நடத்தறேன். இந்த மாதிரி நடத்தையை இதுக்கு மேல என்னால பொறுத்துக்க முடியாது. உங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு இனிமே இந்த வாசல்ல இடம் கிடையாது."

பப்பில் ஒரு முனகல் எழுந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பப்புக்கு வராதே என்று தள்ளிவைப்பது சின்ன விஷயமில்லை. சுற்றுவட்டாரத்துக்கே இது ஒன்றுதான் பப்; கல்யாணம், சாவு, மாட்டுச் சந்தை, எல்லாப் பேச்சும் இங்கேதான். ஆறு வயதுக் குழந்தையைத் தள்ளிவைத்து யாரும் கேள்விப்பட்டதில்லை. பாட்ஸிகூட, "ஏம்மா, சின்னப் பிள்ளைதானே" என்று முணுமுணுத்தார்.

"நீ வாயை மூடிக்கிட்டுக் குடி" என்றார் மிசஸ் கீலி.

டோனல் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வெளியாரிடம் அவர் ரொம்ப மரியாதை. பிள்ளையை வீட்டில் வைத்து அவரே கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். சொல்லும்போது பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அது சரி. நீ முன்னால போய் வெளிய நில்லு, டோனல். மழைத் தூறல் வேற. பிள்ளைக்குக் கோட்டு மாட்டி நானே அனுப்பறேன்."

டோனல் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் என் காதில், "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார்.

கோட்டை எடுத்து க்ரான்யாவுக்கு மாட்டினேன். பொத்தான் துளையில் நுழையவே மாட்டேன் என்றது. வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் என்ன செய்யலாம், குழந்தையை எந்த அறையில் ஒளித்துவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே கதவுப்பக்கம் நடந்தேன்.

மிசஸ் கீலி குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"நீங்கதானே... பிள்ளைக்கு இனிமே இடமில்லைன்னு..."

"ஒருத்தருக்குன்னுதான் சொன்னேன். பிள்ளைக்குன்னு சொன்னேனா?"

நான் வாய் திறப்பதற்குள், கூட்டம் நிரம்பிய சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, பப்பின் வாசல் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்.