பதினெட்டு என்று சொல்

"பதினஞ்சு" என்றாள் அம்மா.

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பதினெட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அம்மாவையே கூட்டி வந்தாள். பஸ்ஸில் வரும்போது நாலு தரம் சொல்லிக்கொடுத்தாயிற்று. நாலு தரமும் அம்மா சரி சரி என்றிருந்தாள்.

கடைக்காரர் ஞானசுந்தரம் பேனாவை மூடினார். நோட்டில் அவள் பெயரைப் பாதி எழுதியிருந்தார்.

போச்சு.

ஒரு வருஷமாக இந்தக் கடைக்கு வந்துபோகிறாள். மீன், முயல், லவ் பேர்ட்ஸ் விற்கிற கடை. இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. சும்மா வந்து நிற்பாள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஞானசுந்தரமும் ஓய்ந்துவிட்டார். எந்த மீனை எந்த மீனோடு விடக் கூடாது, முயலுக்கு எந்தக் கீரை ஆகாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போன மாதம் தாய் விட்டுவிட்ட லவ் பேர்ட்ஸ் குஞ்சு ஒன்று. சிரிஞ்சில் கஞ்சி ஊட்டிப் பார்த்தார்கள். யார் கையிலும் வாய் திறக்கவில்லை. அவள் கையில் திறந்தது.

மறுநாளே வேலை கேட்டாள். லீவு இரண்டு மாதமும் இங்கேதான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பதினெட்டு ஆகியிருக்கணும் என்றார் அவர்.

விடுவாளா? பதினாலு முடிந்தாலே ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாமாம் என்று போனில் காட்டினாள். அவர் பார்க்கக்கூட இல்லை. சட்டம் எதுவோ இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்துக் கடையில் ஆபீசர்கள் வந்து பையன்களை விசாரித்ததிலிருந்து தன் கடையில் பதினெட்டுதான் என்றார்.

எனக்குப் பதினெட்டுதான், ப்ளஸ் டூ முடிச்சாச்சு என்று அடித்துவிட்டாள். நல்ல உயரம். நம்பிவிட்டார். ஆதார் கேட்டார். பெயரில் எழுத்துப்பிழை, திருத்தக் கொடுத்திருக்கு என்று அதையும் அடித்துவிட்டாள். சரி, கார்டு வரும்போது வரட்டும், அம்மா வந்து வாயால் சொன்னால் போதும் என்றார். பெற்றவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைப்பு மனுஷனுக்கு.

பெற்றவள் சொல்லவில்லைதான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மூணு வருஷம் கழித்து வாம்மா என்று சிரித்தார். பின்னால் கூண்டில் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது.

அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

தெருவுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் யார்தான் வயசை மாற்றிச் சொல்லவில்லை? இவளுக்கு அஞ்சு வயசுதான் என்று ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் கண்டக்டரை ஏமாற்றியது யார்? வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரிடம் அவர் ஊரில் இல்லை என்று, அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டே சொன்னது யார்? அப்போதெல்லாம் வராத நேர்மை இன்றைக்கு எங்கேயிருந்து வந்தது?

மூணே மூணு வருஷம். கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

அம்மா முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். மகளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. நீயெல்லாம் ஒரு அம்மாவா என்றும் கேட்டுவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா நின்றாள். திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தே பேசினாள்.

"நீ பொறக்கிறப்போ எங்கம்மா இப்படித்தான் எம் பக்கத்துல நின்னுச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வயசு கேட்டாங்க. பதினெட்டுன்னு சொன்னுச்சு. அப்படியே எழுதிக்கிட்டாங்க."



அம்மாவின் ஆதார் அவளுக்கு மனப்பாடம். ரேஷன் கடையில் எத்தனை தரம் நீட்டியிருக்கிறாள். அதில் இருக்கும் வருஷத்துக்கும் தன் வருஷத்துக்கும் பதினெட்டு. சரியாகத்தான் வரும். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டித்தான் மற்ற கார்டெல்லாம் எடுத்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

அப்போ நிஜத்தில் எத்தனை?

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டாள்.

"இன்னிக்கு உனக்கு இருக்கிறதுல நாலு மாசம் கம்மி."

நாலு மாதம் முன்னால் தனக்கிருந்த வயசில் அம்மா தன்னைப் பெற்றிருக்கிறாள். நாலு மாதம் முன்னால் என்றால் தை. அரையாண்டுப் பரீட்சை பேப்பர் வந்த சமயம். கணக்கில் ஒரு மார்க் போனதற்கு அவள் அழ, அம்மா மடியில் போட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மகளின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது.

அம்மா எட்டி நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.