கட்டடம் மட்டும்

கொத்மலைத் தேயிலைத் தோட்டத்தில், மூன்று நாளைக்கு முன் எரிந்துபோன லயத்தின், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளின், முன்னால் வினோதா நிற்கிறாள். கூரை இல்லாத அறைகளுக்குள் பனிமூட்டம் தாராளமாகப் புகுந்து வெளியேறுகிறது. கரியும் நனைந்த துணியும் சேர்ந்த வாடை இன்னும் போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் நுஸ்கி, சுவரை அளந்து தாளில் குறிக்கிறார். வினோதா தன் அறைக்குள் குனிந்து, தையல் மெசினின் சக்கரத்தைத் தள்ளிப் பார்க்கிறாள். அது அசையவில்லை.

"சார், இதையும் எழுதிக்கிட்டீங்களா?"

நுஸ்கியின் பேனா நிற்கிறது. "அக்கா, தோட்டம் எடுத்திருக்கிற பொலிசி கட்டடத்துக்கு மட்டுந்தான். சுவரும் கூரையும். உள்ளுக்கு இருந்த சாமானுக்கு வேற எடுத்திருக்கணும்."

"சரி, சுவருக்கு வர்றதாவது எங்களுக்குத்தானே?"

"அது சொந்தக்காரருக்குப் போகும். லயம் தோட்டத்தோடது."

"நாங்கதானே சார் இதுல இருந்தோம்?"

"இருக்கிறவங்களப் பத்தி இதுல ஒரு சொல்லும் இல்லக்கா." அவர் குரல் தாழ்கிறது. அதில் பொய் இல்லை.

வினோதாவுக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. விளங்கிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நுஸ்கி கைப்பேசியை உயர்த்துகிறார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. படத்துல சுவர் மட்டும் வரணும்."

கரி படிந்த கையை உடுப்பில் துடைத்தபடி, அவள் படத்துக்கு வெளியே போகிறாள்.