பட்டு உரசிய டயர்

கல்யாணக் காரின் முன்டயருக்கு டிரைவர் எண்ணெய்ப் பாலிஷை வழிய வழியப் பூசினார். அது பளபளவென்று மின்னியது. பின்டயருக்கு வருவதற்குள் பாட்டில் காலி. வேறு வழியில்லாமல், பழைய டப்பாவில் கிடந்த தண்ணீர்ப் பாலிஷை லேசாகத் தடவி, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டார். மினுமினுப்பே வரவில்லை.

"என்ன தம்பி, இழவு வீட்டுக்கா கிளம்பிட்ட?" என்று சிரித்தது முன்டயர். பின்டயருக்கு முகமே சுருங்கிப்போனது.

மண்டபம் போகிற வழியெல்லாம் புழுதி. முன்டயர் அத்தனையையும் அப்பிக்கொண்டது. அதன் எண்ணெய் வெள்ளைக் கதவில் கருப்புக் கருப்பாகத் தெறித்தது. பின்டயரில் பட்ட புழுதியோ நிற்காமல் உதிர்ந்துவிட்டது.

வாசலில் பின்கதவு திறந்தது. இறங்கிய கல்யாணப்பெண்ணின் சந்தன நிறப் பட்டு பின்டயரில் நன்றாக உரசிவிட்டது.

"ஐயையோ, சேலை!" என்று அலறினாள் அவள் அம்மா.

பின்டயர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சேலைக் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுக் கறை இல்லை!

"அந்த டயர் பக்கத்துலயே நில்லும்மா, படம் எடுப்பா இருக்கும்" என்றார் போட்டோக்காரர்.

டிரைவர் ஓடிவந்து, வேட்டியை விரித்து முன்டயரை மறைத்து நின்றுகொண்டார்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்று முன்டயரிடம் சொன்னது பின்டயர்.