எங்க வீட்டம்மா எழுத்து

"இந்த எழுத்து இருக்கு பாரும்மா, எங்க வீட்டம்மா பண்ணது!"

அவன் டீ டப்பாவைத் தூக்கிப் பிடித்திருந்தான். கடைக்காரப் பெண் டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்னால் நின்ற மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகர்ந்தால்தானே.

அவளுக்கு ஆங்கில எழுத்துரு வடிவமைக்கும் வேலை. முனைகளில் குட்டிப் பாதங்களும், கொடிபோல் சுருண்ட வால்களுமாக, பழைய காலத்துப் புத்தக அட்டைகளில் வருமே, அந்த ஜாடையில் ஒன்றை இரண்டு வருடம் வரைந்தாள். தலைப்பில் பெரிதாகப் போட்டால் நகை போட்ட மாதிரி இருக்கும். பொடியாகப் போட்டால் சிக்கு விழுந்த நூல்தான்.

இணையத்தில் அது விற்பனைக்கு வந்த நாளிலிருந்து, சுருள் வைத்த எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் அவனுக்கு அது அவளுடையதுதான்.

மெழுகுவத்திப் பெட்டி, சென்ட் பாட்டில், பேக்கரி பலகை.

ஹோட்டலில் மெனு கார்டைக் காட்டி சர்வரிடம் பெருமையடித்ததில் சூப் ஆறிப்போனது. நண்பனின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்தையே ரசித்துக்கொண்டிருந்துவிட்டு, தேதியைப் பார்க்க மறந்துபோனான்.

அதில் ஒன்றுகூட அவளுடைய எழுத்து இல்லை.

ஒருத்தரும் வாங்கவில்லை. அந்தப் பூரித்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? அவள் சொல்லவேயில்லை.

நான்கு மாதத்துக்கு முன்தான் முதல்முறையாக ஒரு சோப்புக் கம்பெனி வாங்கியது. அதையும் அவனிடம் சொல்லவில்லை.

அந்த ரோஸ் சோப்பு இன்றைக்குத்தான் கடைக்கு வந்திருந்தது. இதோ, எதிர் அலமாரியில், வரிசையாக. "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று மட்டும் சொல்லி அவனை அழைத்து வந்திருந்தாள்.

அவனாகவே கண்டுபிடிக்க வேண்டும். பார்க்காமல் கடந்துவிட்டால், இத்தனை நாள் அடித்த பெருமையெல்லாம் வெறும் வாய்ப் பழக்கம் என்றாகிவிடும்.

அவன் டப்பாவை வைத்துவிட்டு எதிர் அலமாரிப் பக்கம் நடந்தான்.

ரோஸ் சோப்பைக் கடந்தும் போய்விட்டான்.



நாலடி போனவன் நின்றான். திரும்பி வந்தான். ஒரு சோப்பை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனான். முகம் சிவந்தது.

"ஏம்மா, யாரு இந்தக் கம்பெனிக்காரன்? எங்க வீட்டம்மா எழுத்தை அப்படியே சுட்டிருக்கான்! இந்த 'ஆர்' எழுத்தோட கால் இருக்கே, அதை அவ நாப்பது தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சா. பக்கத்துல உக்காந்து எண்ணினவன் நான்!"

கடைக்காரப் பெண் மிரண்டுபோனாள்.

"சார், அந்த டீ டப்பாவும் அவங்க எழுத்துதான்னு இப்பதானே சொன்னீங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான், மனைவிக்குக் கேட்காது என்ற நினைப்பில்.

"அதெல்லாம் சும்மாம்மா. யாருமே வாங்கலைன்னு அவ முகம் வாடக் கூடாதுல்ல? இதுதான் நிஜமா அவளோடது."

அவள் ஷாம்பு அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையில் இருந்த சோப்புக் கம்பெனி ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினால் போதும், அடங்கிவிடுவான்.

கம்பெனிக்காரன் இன்னும் ஒரு நிமிடம் திட்டு வாங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.