பாட்டின் நடுவில்

அழிந்துபோன உயிரினங்களை மீட்டெடுக்கும் எங்கள் ஆய்வகத்தில் பிறந்த புலிக்குட்டி யாரும் சொல்லித்தராமலே உறுமியது. பூங்குருவி அப்படியில்லை, மூத்த பறவையிடம் கேட்டால்தான் அதற்குப் பாட்டு வரும். மூத்த பறவை ஒன்றுகூட மிச்சமில்லாததால், என் மனைவி எழிலரசி பழைய ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகி, குஞ்சுகளுக்கு விசிலடித்துக் கற்றுக்கொடுத்தாள். சித்திரையில் மூச்சுத்திணறலில் இறந்துபோனாள்.

பறவைகளைக் காட்டில் விடும் நாளன்று ஆய்வக இயக்குநர் அவற்றின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"பாட்டு நடுவுல நின்னுபோகுதே தம்பி. வேற ஆளை வச்சுத் திருத்திட்டு விடுவோமா?"

"அது அவ மூச்சு வாங்குற இடம் சார்."

"புலிகிட்ட இந்தத் தொல்லையே இல்ல" என்று முணுமுணுத்தவர், கூண்டைத் திறக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு மலைக்குப் போனேன். பனிமூட்டத்துக்குள் காட்டிலேயே பிறந்த இளம்பறவை ஒன்று பாடியது. பாதியில் நிறுத்தியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அது மீதியைப் பாடியது.